தொப்பிக் கழுதையின் எட்டாவது கதை

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரித்துத் தொடங்க மனசு வரவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவின் தொப்பிக் கழுதைக் கதைகள் நூற்று நான்கையும் சேர்த்து ஒரே புத்தகமாகப் போடுகிறார்கள். நம் இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் அச்சுக்குப் போகுமாம். பதிப்பகத்துக்காரர் அச்சுப்படியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டார். "ஒரு தடவை பார்த்துக் குடுங்கம்மா. உங்க கண்ணுக்குத் தப்புமா?" என்றார்.

நான் அந்தக் கழுதையைப் படித்ததே இல்லை என்பது உனக்குத் தெரியும். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் காகிதத் தொப்பி செய்து, ஒரு காது வெளியே நீட்டிக்கொண்டு கனைப்பார்கள். "உங்கப்பா எழுதுறதாமே?" என்று என்னிடம் வருவார்கள். "யாரோட அப்பா?" என்று கேட்டுவிட்டு நான் நகர்ந்துவிடுவேன். விடுதலைப் போராட்டத்தில் போலீசுக்குத் தப்பி ஒளிந்திருந்த நாலு வருஷமும் இரண்டு வாரத்துக்கு ஒரு கதை என்று நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுதினார். பெற்ற பிள்ளைக்கு ஒரு வரி எழுதவில்லை. அந்தக் கழுதை மேல் எனக்கு என்ன பாசம் வரும்?

இப்போது வேறு வழியில்லாமல் மூன்று நாளில் வரிசையாகப் படித்தேன். ஐம்பத்திரண்டாவது கதை. கழுதைக்குட்டிக்கு அம்மை போடுகிறது. அது மாடிப்படிக்கு அடியில் ஒளிந்துகொண்டு, கரித்துண்டால் சுவரில் ஒன்பது முகம் வரைகிறது. ஒன்பதாவது முகத்துக்கு வாய் இல்லை, கரி தீர்ந்துவிட்டதால்.

அக்கா, அது நான். அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் பார்த்தால் திட்டுவாரென்று அம்மா மறுவாரமே சுண்ணாம்பு அடித்துவிட்டாள். அம்மா, நீ, நான், மூன்று பேரைத் தவிர அந்த ஒன்பது முகத்தை யாரும் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது? அவர் வந்திருக்க வேண்டும், அல்லது நீ போயிருக்க வேண்டும். எது? உன்னைப் பார்க்க முடிந்தவருக்கு என்னைப் பார்க்க முடியவில்லையா?

சின்னவள்


பிப்ரவரி 11

சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. உறையின் மடிப்பில் பசை இரண்டு முறை தடவப்பட்டிருக்கிறது. ரயில்வே பார்சல் அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக அரக்கு முத்திரை பார்க்கிறவள் நான். யார் திறந்தார்கள்?

இந்தக் கேள்வியை உன் தலையில் ஏற்றியது யார் என்பதையும் எழுது. பதிப்பகத்துக்காரரா? அப்பாவின் நினைவு மன்றத்து ஆட்களா?

பதில் சாதாரணமானது. வீட்டு விஷயங்களைத் தோல்பை மாமாவிடம் சொல்வேன். அப்பா ஒளிந்திருந்த இடத்துக்குப் போய்வந்த இயக்கத்துக்காரர் அவர் ஒருவர்தான். அவர் சொல்லியிருப்பார். தவிர, அம்மை எல்லாக் குழந்தைகளுக்கும் வருவதுதான்.

ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டு இணைத்துள்ளேன். நீயும் போட்டுக் கொடுத்துவிடு. இதற்கு மேல் கிளற வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

உறையைத் திறந்தது நான்தான். ஒன்பதாவது முகத்துக்கு வாய் இல்லை என்பதை எழுத மறந்து, திறந்து எழுதி மறுபடி ஒட்டினேன். போதுமா? நாட்டுக்கு விடுதலை வந்து இத்தனை வருஷமாகிறது, உனக்கு இன்னும் வரவில்லை.

சரி, என் முறை. தோல்பை மாமாவிடம் சொல்வேன் என்கிறாய். அந்த நாலு வருஷமும் அம்மா உன்னைத் தினம் கேட்டாள். "ஏதாச்சும் தெரிஞ்சுதாடி? யாராச்சும் வந்தாங்களா?" நீ ஒரே பதில்தான் சொல்வாய்: "ஒரு வரி போகல, ஒரு வரி வரல." எது பொய்? அன்றைக்கு அம்மாவுக்குச் சொன்னதா, இன்றைக்கு எனக்குச் சொல்வதா?

அம்மாவின் கடைசி வாரம் ஞாபகம் இருக்கிறதா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்கு வேற வீடு இருந்திருக்கும்டி. இல்லேன்னா நாலு வருஷம் ஒரு மனுஷன் எட்டிக்கூடப் பாக்காம இருப்பானா?" என்றாள். நீ எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நின்றுகொண்டாய். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன். அதனால்தான் இந்த ஆறு வருஷம் எழுதவில்லை.

இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. அம்மா சொன்னது உனக்கு முன்பே தெரியும். அந்த வீட்டுக்கு நீ போய் வந்திருக்கிறாய். அந்தப் பெண் யார்? பிள்ளைகள் உண்டா? இந்த வயதில் நான் யாரோடும் சண்டைக்குப் போகப் போவதில்லை. தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. நேற்று தோல்பை மாமா கடைக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. இப்போது அவர்தான் நினைவு மன்றத் தலைவராம். கண்ணாடிச் சட்டங்களைப் பார்க்கிற மாதிரி நின்றுவிட்டு, "அக்கா லெட்டர் போடுறாளா?" என்று கேட்டார். நாம் எழுதிக்கொள்வது அவருக்கு எப்படித் தெரியும்?

சின்னவள்


பிப்ரவரி 24

சின்னவளுக்கு,

வேறு வீடு கிடையாது. வேறு பெண் கிடையாது. இதை மட்டும் நம்பு.

மாமாவிடம் எந்தத் தாளையும் கொடுக்காதே. பதிப்பகத்தில் அசல் கையெழுத்துப் பிரதிகள் இருந்தால் அவற்றைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்க வேண்டாமென்று சொல். உன்னிடமும் யாரும் காட்ட வேண்டியதில்லை. மாமா சிரித்துக்கொண்டு வந்தால் இன்னும் ஜாக்கிரதையாக இரு.

இங்கே இரண்டு நாளாக ஒருவர் பார்சல் கவுண்டருக்கு எதிர் பெஞ்சில் செய்தித்தாளோடு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்று போய் யாரென்று கேட்டுவிட்டேன். அவருடைய தையல் மெஷின் வழியில் தொலைந்துவிட்டதாம். என் முகத்தைப் பார்த்தால் கேட்கப் பயமாக இருந்ததாம். இப்படி ஆகிவிட்டேன்.

படித்ததும் இதைக் கிழித்துவிடு.

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

யாரும் காட்ட வேண்டாம் என்ற உன் கடிதம் கிடைத்த மறுநாளே பதிப்பகத்துக்குப் போனேன். அசல் பிரதிகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. கடையில் லென்ஸின் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கொண்டுபோயிருந்தேன். ஒரு பகல் முழுக்க அந்தப் பெட்டியோடு உட்கார்ந்தேன்.

கழுதை என்று எழுத 'ழு' வேண்டும். பக்கத்துக்குப் பத்து கழுதையாவது இருக்கும். அப்பா அச்சுக் கோப்பவர், எழுத்தை நறுக்கென்று எழுதுவார். முதல் ஏழு கதையிலும் அவருடைய ழகரத்தின் வால் கீழே இறங்கி இடப்பக்கம் நன்றாகச் சுழிகிறது. எட்டாவது கதையின் முதல் பக்கத்திலும் அப்படித்தான், கொஞ்சம் நடுக்கத்தோடு. இரண்டாம் பக்கத்திலிருந்து வால் குட்டையாக, தூண்டில் முள் மாதிரி நின்றுவிடுகிறது. நூற்று நான்காவது கதை வரை அதே குட்டை வால்தான்.

கையில் அடிபட்டிருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு உன் கடிதத்தை எடுத்து அருகில் வைத்தேன். 'கிழித்துவிடு' என்று எழுதியிருந்தாயே, அந்த 'ழி'யே உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

கதைகளை எழுதியது நீ. வெறும் பதினேழு வயதுப் பெண். அப்படியானால் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார்? ஏன் அவரால் எழுத முடியவில்லை? போலீஸ் கையில் இருந்தாரா? பயந்துபோய் இயக்கத்தில் யாரையாவது காட்டிக்கொடுத்தாரா? அதை மறைக்கத்தான் இத்தனையுமா? மூன்று நாளாகக் கடையில் யாருக்கும் சரியான கண்ணாடி எண் எழுத முடியவில்லை என்னால்.

உண்மை வராமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன். புத்தகம் வராமலே போகட்டும்.

சின்னவள்


மார்ச் 10

பாப்பா,

உன்னை இப்படிக் கூப்பிட்டு எவ்வளவு காலம் ஆகிறது!

அப்பா யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நம்மை விட்டுப் போன பன்னிரண்டாவது வாரம் காய்ச்சலில் செத்துப்போனார். ஊர் நம்புகிற மாதிரி ஆற்றில் இல்லை, நாலு வருஷம் கழித்தும் இல்லை.

இந்த வரியை எழுதிவிட்டு அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மரவாடி ஒன்றின் பரணில் அவரை வைத்திருந்தார்கள். பகல் முழுக்க ரம்பம் ஓடும், இருமினால் வெளியே கேட்காது. அடுப்புக்கு மரத்தூள் வாங்குகிற பெண்ணைப் போல ஒரு சாக்கோடு போவேன். மாமாதான் வழி சொல்லி அனுப்புவார். முதல் இரண்டு தடவை துணி கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை உடம்பு அனலாய்க் கொதித்தது. டாக்டரைக் கூப்பிட முடியவில்லை. ஊர்ச் சுவரெல்லாம் அவர் படம் ஒட்டியிருந்தது. பரீட்சைக்குச் சேர்ந்து படிக்க சிநேகிதி வீட்டில் தங்குகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு இரண்டு நாள் அவர் பக்கத்திலேயே இருந்தேன்.

எட்டாவது கதையை அப்போதுதான் தொடங்கியிருந்தார். ஒரு பக்கம்தான் முடிந்தது. பேனா பிடிக்க முடியாமல் என்னிடம் கொடுத்தார். "கழுதை தபால் மூட்டையோட ஆத்தங்கரைக்கு வந்துச்சு. பாலத்தக் காணோம். எழுதிக்கோ," என்றார். எழுதினேன். "அப்புறம்ப்பா?" என்று கேட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சின்னவளுக்குப் பல்லு விழுந்துடுச்சா?" என்றார்.

விழவில்லை, ஆடிக்கொண்டுதான் இருந்தது. நான் "விழுந்துடுச்சுப்பா" என்றேன். "பாத்தியா, என்னைக் கேக்காமயே," என்று சிரித்தார். அதற்குப் பிறகு பேசியது எதுவும் புரியவில்லை. மறுநாள் காலை, ரம்பம் ஓடத் தொடங்கிய நேரத்தில் போய்விட்டார்.

மரத்தூள் குவியலுக்குப் பின்னால் புதைத்தோம். மாமா, மரவாடிக்காரர், நான், மூன்று பேர்தான். வெளியே வரும்போது மாமா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "நீ இன்னைக்கு அழுதா நாளைக்கு நம்ம ஆளுங்க பதினாலு பேரப் புடிச்சுடுவாங்க," என்றார். அப்பாவைத் தேடித்தான் பாதி போலீஸ் அலைந்துகொண்டிருந்தது. அவர் இருக்கிறார் என்று அவர்கள் நம்புகிற வரையில் மற்றவர்கள் நடமாடலாம். பிள்ளைகள் பத்திரிகையை மூடாமல் விட்டு வைத்ததே, கதை எந்த வழியாக வருகிறது என்று மோப்பம் பிடிக்கத்தான். கதை நின்றால் ஆள் இல்லை என்று தெரிந்துவிடும். "நீ எழுதுவியா? ஆறு வாரம் போதும்," என்றார்.

ஆறு வாரம் நாலு வருஷம் ஆயிற்று.

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். அவளை வாரா வாரம் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தார்களே, தெரிந்தால் முகமே சொல்லிவிடும் என்றார். அம்மா அவருடைய சட்டையைத் தேய்த்துத் தேய்த்து அலமாரியில் வைப்பாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து பள்ளிக்கூட நோட்டில் கழுதைக் கதை எழுதுவேன். சத்தமாக அழக்கூட எனக்கு ஒரு மூலை கிடைக்கவில்லை.

விடுதலை வந்ததும், ஆற்றில் மூழ்கிப் போய்விட்டார் என்று அறிவித்தார்கள், ஆற்றுப் பாலத்தில் சிலை வைத்தார்கள். அம்மாவிடமாவது சொல்கிறேன் என்று கெஞ்சினேன். "இப்ப சொன்னா நாலு வருஷமா நாட்டையே ஏமாத்துனோம்னு ஆயிடும்" என்றார் மாமா. அது அவர் குற்றம். ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் இருந்தது. வாயைத் திறந்திருக்கலாம். திறக்காதது என் குற்றம். 'நாலு வருஷம் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படிடி இருந்தே?' என்று அம்மா ஒரு கேள்வி கேட்பாள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. குழாயடியில் நின்றபோதும் பதில் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அப்பாவைப் போல எழுத எனக்கு வரவில்லை. அதனால் உன்னைப் பார்த்து எழுதினேன். நீ விழுந்தது, பொய் சொன்னது, அம்மை போட்டது எல்லாம் அந்தக் குட்டிதான். நாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் படித்தார்கள். யாருக்காக எழுதினேனோ அவள் ஒருத்திதான் படிக்கவில்லை.

இந்தக் கடிதத்தை என்ன செய்வாயோ, உன் இஷ்டம்.

அக்கா


மார்ச் 13

அம்மா இருபத்தேழு வருஷம் ஒரு செத்த மனுஷனைச் சந்தேகப்பட்டாள், அக்கா. அக்கம்பக்கத்தார் அவள் காதுபடப் பேசினார்கள். அதையும் நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். நான் என் கல்யாணத்தன்று அப்பா படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அதைப் பார்த்தும் நீ பேசாமல் இருந்தாய்.

பல் விழுந்ததா என்று அவர் கேட்டதை மட்டுமாவது எப்படியாவது என்னிடம் சொல்லியிருக்கலாம். ஒரு கதையில் ஒளித்து வைத்திருந்தால்கூடப் போதும்.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.


மார்ச் 29

அக்காவுக்கு,

நீ சொன்னது உண்மைதானா என்று போய்ப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே, நானும் உன்னைப் போலத்தானே வளர்ந்தேன். மரவாடி இருந்த இடத்தில் இப்போது பஸ் கழுவுகிற பணிமனை இருக்கிறது. எல்லா இடமும் சிமெண்டுத் தரை. எந்த மூலை என்று தெரியாமல் ஒரு மணி நேரம் நின்றேன். "என்னம்மா, பஸ்ல எதையாச்சும் விட்டுட்டீங்களா?" என்று ஒரு டிரைவர் கேட்டார். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மறுவாரம் தோல்பை மாமா மறுபடி கடைக்கு வந்தார். கண் பரிசோதிக்க வேண்டும் என்றார். நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின் மேல் சோதனைச் சட்டத்தை மாட்டினேன். இனி அவர் சட்டென்று எழுந்து போக முடியாது.

"எழுத்து தெரியுதா மாமா?"

"மேல் வரி தெரியுது."

"எங்கக்கா எழுத்து தெரியுதா?"

"சொல்லிட்டாளா?" என்றார்.

"எங்கம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"உங்கம்மா அழுதா தெருவுக்கே தெரிஞ்சிருக்கும்மா. பதினாலு பேரு உசுரு."

"விடுதலை வந்தப்புறம் யாரு உசுரு?"

லென்ஸை மாற்றினேன். "இப்ப?" என்றேன். "மங்கலா இருக்கு" என்றார். லென்ஸ் சரியாகத்தான் இருந்தது, அவர் கண்தான் கலங்கியிருந்தது.

நான் முடிவைச் சொன்னேன். முதல் ஏழு கதை அப்பா பெயரில், எட்டாவது இருவர் பெயரிலும், மற்றவை உன் பெயரில். முன்னுரையில் அவர் எங்கே, எப்போது, எப்படிப் போனார் என்று உள்ளது உள்ளபடி இருக்கும். மன்றத்துக்குச் சம்மதமானால் என் கையெழுத்து, இல்லாவிட்டால் தகரப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன்.

"பாலத்துல இருக்குற சிலைய என்னம்மா பண்றது?"

"நிக்கட்டும். அது உங்க சிலை."

"நான் போற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

"எங்கம்மா பொறுத்தாங்க."

கைக்குட்டையை எடுத்து வெகுநேரம் முகத்தைத் துடைத்தார். பிறகு நான் எண் குறித்துக் கொடுத்த சீட்டைத் திருப்பி, பணிமனையின் வாசல், தண்ணீர்த் தொட்டி, பின்சுவர் எல்லாம் வரைந்தார். சுவரோரம் ஒரு இடத்தில் பேனாவை அழுத்திப் புள்ளி வைத்தார். "உங்கக்காகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு எழுது" என்றார். "நீங்களே எழுதுங்க, விலாசம் தரேன்" என்று கொடுத்தேன். வாசல்வரை போனவர் திரும்பி, "கண்ணாடி எப்ப கிடைக்கும்?" என்று கேட்டார். திங்கட்கிழமை வரச் சொன்னேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். முதல் பக்கத்தின் அச்சுப்படியை உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

கோபம் தீரவில்லை, அக்கா. அதைக் கடிதத்தில் எழுதி மாளாது. நீயே வந்து நேரில் வாங்கிக்கொள். அந்தப் புள்ளி வைத்த இடத்துக்கு நான் இன்னும் போகவில்லை.

சின்னவள்


ஏப்ரல் 9

பாப்பா,

அச்சுப்படி வந்தது. உறை சரியாகத்தான் இருந்தது, பார்த்தேன். என் பெயரில் எழுத்துப் பிழை இருக்குமென்று மூன்று தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இல்லை. மாமாவின் கடிதமும் வந்தது. அதை இன்னும் பிரிக்கவில்லை. உன்னை வைத்துக்கொண்டு பிரிக்கலாமென்று பையில் போட்டிருக்கிறேன்.

நேற்று விடுப்புக்கு விண்ணப்பம் கொடுத்தேன். அதில் காரணம் என்று ஒரு கோடு இருக்கிறது. சொந்த வேலை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வேறு எழுதிவிட்டது: தந்தை மரணம்.

எங்கள் அதிகாரியின் மேஜைக்குப் பின்னால், பாலத்துச் சிலை போட்ட நாட்காட்டி தொங்குகிறது. அவர் தாளைப் பார்த்தார், திரும்பி நாட்காட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்பங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"முப்பத்துமூணு வருஷம் ஆச்சு சார்," என்றேன். "அப்ப லீவு கிடைக்கல."

அவர் விதிப்படி மூன்று நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. நாலு மணி வண்டிக்குப் பார்சல் ஏற்ற வேண்டும் என்று எடை போடுகிறவர் வந்து கதவைத் தட்டினார். பக்கத்திலிருந்து அதிகாரி அவரைக் கூப்பிட்டு, "அடுத்த வண்டியில ஏத்திக்கலாம், அவங்க வீட்டுல துக்கம்," என்று சொன்னது எனக்குக் கேட்டது.

வியாழக்கிழமை காலை வண்டியில் வருகிறேன்.

அக்கா